தோள்சீலை அறிக்கையின் கடைசி வரி

தோள்சீலைப் போராட்டத்தைப் பற்றி ஒரு கட்டுரையாவது இல்லாத சங்க மலர் கேரளத் தமிழரிடையே அபூர்வம். முப்பது ஆண்டுகளாக அவற்றைத் தேடிப் படித்து வருகிறவன் நான். பெரும்பாலும் முடிவு ஒரே மாதிரிதான். 1859-இல் மகாராஜா அறிக்கை வெளியிட்டார், நாடார் பெண்டிர் உரிமை பெற்றனர், கலகம் இனிதே முடிந்தது. சிலர் சேர்த்தலை நங்கேலியின் கதையையும் சேர்த்துக் கண்ணீரோடு முடிப்பார்கள். நங்கேலி கதை வாய்மொழியாக வந்தது. அதற்குரிய மதிப்பு அதற்கு உண்டு. ஆனால் அச்சில் கிடைக்கிற அரசு அறிக்கையைப் புரட்டாமல் வாய்மொழிக் கதையோடு நின்றுவிடுவது ஆராய்ச்சி ஆகாது. அறிக்கையை வரிவரியாகப் படித்திருந்தால் ‘இனிதே முடிந்தது’ என்று எழுதக் கை வந்திருக்காது.

பள்ளிவாசல்காரர்களுக்கு இது எங்கோ தெற்கே நடந்த சங்கதி அன்று. கல்குளத்தையும் இரணியலையும் ஆண்ட அதே திருவிதாங்கூர்தான் நம் தேவிகுளம் மலைகளையும் ஆண்டது. 1956 நவம்பர் 1-இல் அவை சென்னை மாநிலத்தோடு போயின, நாம் கேரளத்தில் நின்றோம். அதுவரை இரு பக்கத்தாருக்கும் அரசு ஒன்று.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1814-இல் திவானாக இருந்த கர்னல் மன்றோ, கிறித்தவரான நாடார் பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்றார். (1877-இல் பூஞ்ஞாற்று ராஜாவிடம் நம் மலையைக் குத்தகைக்கு வாங்கிய மன்றோ வேறு ஆள். பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.) நாயர் பெண்கள் தோளில் போடும் மேல்முண்டு மட்டும் கூடாது என்பது நிபந்தனை. 1829 பிப்ரவரி 3 அறிக்கை அந்தத் தடையை உறுதிசெய்தது. 1858 இறுதியில் மறுபடியும் மூண்டது. சந்தையில் சீலையைக் கிழிப்பதும் வீடுகளைக் கொளுத்துவதுமாக நாஞ்சில் நாடு அல்லோலகல்லோலப்பட்டது. சென்னை கவர்னர் சர் சார்லஸ் டிரவெலியன் நெருக்கவே, 1859 ஜூலை 26-இல் உத்திரம் திருநாள் மகாராஜா புதிய அறிக்கை வெளியிட்டார்.

அந்த அறிக்கை சொல்வது இது. நாடார் பெண்கள், கிறித்தவ நாடார் பெண்களைப் போல ரவிக்கை போடலாம். எந்த மதத்து நாடார் பெண்ணும் முரட்டுத் துணி உடுத்தி, முக்குவத்திகள் கட்டுவதுபோல் சுற்றிக் கட்டிக்கொள்ளலாம். வேறு எவ்விதமாகவும் மார்பை மறைக்கலாம். ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் கூடாது.

கடைசி வரி இதுதான்.

நான் துணி விற்கிறவன். நாற்பது வருஷம் கஜக்கோலும் மீட்டர்கோலும் பிடித்த கை. ‘முரட்டுத் துணி’ன்னு படித்ததும் எனக்கு எழுந்த கேள்வி ஒன்றுதான்: அதை யார் தொட்டுப் பார்ப்பார்? நாற்பதாம் நம்பர் நூலா அறுபதாம் நம்பரா என்று தூர நின்று எவனாலும் சொல்ல முடியாது. விரலிடுக்கில் தேய்த்துப் பார்க்கணும். சீலை கக்கத்தில் சுற்றி முடிந்திருக்கிறதா, தோளில் மடித்துக் கிடக்கிறதா, கிடந்தால் நாயர் வீட்டுப் பாங்கில் கிடக்கிறதா என்று தெரிய, சந்தை வாசலில் ஒருத்தன் நின்று ஒவ்வொரு பெண்ணையும் உற்றுப் பார்க்கணும். மார்பை மறைக்கலாம் என்று அனுமதித்த அறிக்கையே, மறைத்த விதத்தைச் சோதிக்கும் கண்ணையும் அங்கேயே காவல் நிறுத்திவிட்டது. உடைத் தடை என்றால் துணியைப் பற்றிய சட்டம் என்று நம்மவர் எழுதுகிறார்கள். என் வாசிப்பில் அது பார்ப்பவனுக்கு வேலை கொடுக்கிற சட்டம்.

‘கூடாது’ என்பதைப் போலவே ‘வேண்டும்’ என்பதும் இதே குடும்பம்தான். புலையப் பெண்கள் கழுத்தில் கல்லுமாலை அணிந்தே ஆகவேண்டும் என்ற வழக்கத்தை, அய்யன்காளியின் அழைப்பை ஏற்று, 1915-இல் கொல்லம் பக்கம் பெரிநாட்டில் அறுத்தெறிந்தார்கள். அதற்கும் கலவரம் நடந்தது. ‘இனிதே முடிந்த’ அறிக்கைக்கு 56 ஆண்டு கழித்து! எஸ்டேட்டில் துரை எதிரே வந்தால் குடையை மடக்கி, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டணும்னு பழைய லயத்துப் பெரியவர்கள் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். அங்கே அரசாங்க அறிக்கை எதுவும் தேவைப்படவில்லை. கங்காணியின் கண்ணே போதுமானதாக இருந்தது.

இந்தக் கண் உடையோடு நிற்பதில்லை. போடிமெட்டு இறங்கிக் கம்பம் பள்ளத்தாக்கைத் தாண்டி உசிலம்பட்டி போனால் அதன் மறுபக்கம் தெரியும். வடக்கே 1871-இல் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டப்பட்டது. பிரமலைக் கள்ளர் ஆண்களிடம் கைரேகை வாங்கினார்கள். ராத்திரி காவல் நிலையத்தில்தான் படுக்கை, வெளியூர் போக ராதாரிச் சீட்டு. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. பக்கத்துச் சாதிக்காரர்கள் அப்போது ‘அவங்களுக்குத்தானே சட்டம், நமக்கு என்ன’ என்றிருப்பார்கள் என்று ஊகிக்க அறிஞர் யாரும் வேண்டியதில்லை. சென்னை மாகாணத்தில் 1947-இல் அது நீங்கியது.

சுதந்திரத்துக்குப் பின்பும் கண் மூடவில்லை. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவர் வீட்டுக் கதவை ராத்திரி போலீஸ் தட்டிக்கொண்டே இருந்தது. 1962-இல் உச்ச நீதிமன்றம், கதவைத் தட்டுவது செல்லாது, பின்தொடர்ந்து கண்காணிப்பது செல்லும் என்றது. அந்தரங்கம் அடிப்படை உரிமை அன்று என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் காரணம். நீதிபதி சுப்பா ராவ் அதை ஏற்கவில்லை. அவர் பக்கம் நியாயம் வந்து சேர ஏறத்தாழ 55 ஆண்டுகள் ஆயின. 2017 ஆகஸ்ட் 24-இல் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்றார்கள். அங்கும் ஓர் ‘ஆனால்’ உண்டு. சட்டம் இருந்து, நியாயமான நோக்கம் இருந்து, அளவு மீறாமல் இருந்தால் அரசு எட்டிப் பார்க்கலாம். இந்த ‘ஆனால்’ 1859-ஐப் போல் சாதி பார்த்து எழுதியதன்று, எனக்கும் தெரியும். ஆயினும் அளவு மீறிற்றா என்று அளக்கும் கோல் யார் கையில் என்ற கேள்வி வியாபாரிக்கு வராமல் இருக்காது.

ஈரானைப் பார்த்தால் இரண்டும் ஒன்றென்பது பட்டவர்த்தனமாக விளங்கும். 1936-இல் ரேசா ஷா முக்காட்டைத் தடைசெய்தார். போலீஸ் தெருவில் பெண்கள் தலையிலிருந்து அதை இழுத்தது. 1979 புரட்சிக்குப் பின் அதே நாட்டில் முக்காடு கட்டாயம், போடாதவளைப் போலீஸ் பிடித்தது. 2022 செப்டம்பரில் மாசா அமினி என்ற இளம்பெண் ஒழுக்கக் காவலர் பிடியில் இருந்தபோது மயங்கி விழுந்து இறந்தாள். நாடே கொதித்தது. 2023 ஏப்ரலில் போலீஸ் அறிவித்தது என்ன தெரியுமா? முக்காடு போடாதவரைக் கண்டுபிடிக்கப் பொது இடங்களில் கேமரா வைக்கிறோம் என்று. சட்டம் தலைகீழானது, கண் மட்டும் அப்படியே இருந்து இயந்திரமும் ஆயிற்று.

நம்மவர் நியாயமும் ஒரே அளவாக இல்லை. 2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கக் கிளப்பில் நடந்த நூல் வெளியீட்டுக்கு வேட்டியில் வந்த நீதிபதி அரிபரந்தாமன் உள்ளே விடப்படவில்லை. அடுத்த மாதமே சட்டமன்றம் சட்டம் இயற்றியது. வேட்டியைத் தடுத்தால் உரிமம் ரத்து, ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். நானும் மகிழ்ந்தேன். 2022-இல் கர்நாடகத்தில் முக்காடிட்ட மாணவிகளைக் கல்லூரி வாசலில் நிறுத்தியபோது, ‘யூனிபாரம்னா யூனிபாரம்தானே’ என்று என் கடைத் திண்ணையிலேயே பேசினார்கள். வேட்டிக்குக் குரல் கொடுத்த அதே வாய்கள்தான். கர்நாடக உயர் நீதிமன்றம் மார்ச் 15-இல் தடையை ஏற்றது. அக்டோபர் 13-இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் இரு விதமாகத் தீர்ப்புச் சொன்னார்கள். நீதிபதிகளுக்கே ஒத்துப்போகாத விஷயம் என் திண்ணையில் இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துபோனது.

என் வீட்டுக் கணக்கையும் சொல்லியாகணும். நாங்கள் திகம்பரர். ஆடையும் ஒரு பற்றே என்று துறப்பவர் எங்கள் முனிவர். அவர் வீதியில் வந்தால் யாரும் தடுக்கலாகாது என்று உரிமை பேசுகிறோம், சரியே. ஆனால் பெண் ஆடையைத் துறக்கக் கூடாது, ஆகவே அப்பிறவியில் அவளுக்கு வீடுபேறு இல்லை என்பதும் எங்கள் மரபுதான். பொன்னூர் மலையோடு சேர்த்து நாங்கள் போற்றும் குந்தகுந்தர் பெயரால் வழங்கும் நூலிலேயே இருக்கிறது. சுவேதாம்பரர் இதை ஏற்பதில்லை. ஆடையை அவள்மேல் கட்டாயமாக்கிவிட்டு, ஆடை இருக்கிறதே என்று கதவை அடைப்பதற்கும் மகாராஜாவின் கடைசி வரிக்கும் அதிக தூரம் இல்லை. எங்கள் பெரியவர்கள் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. சேலைக்கட்டு ஒன்றிரண்டு காணாமல் போனதால் என் கடையில் நான்கு கேமரா வைத்தோம். ஒன்று நிலைக்கண்ணாடிக்கு மேலே. எஸ்டேட் பெண்கள் சம்பள வாரத்தில் வந்து, சேலையைப் பிரித்துத் தோளில் போட்டு, கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்துத்தான் வாங்குவார்கள். சில மாதமாக அது குறைந்திருந்தது. விலை கூடிப்போச்சோ என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருநாள் ஓர் அம்மா சேலையைத் தோள்வரை கொண்டுபோய், அண்ணாந்து பார்த்து, அப்படியே மடித்து வைத்துவிட்டு, ‘இருக்கட்டும் அண்ணாச்சி, அப்புறம் வாரேன்’ என்று போனார். அன்று ராத்திரியே கண்ணாடி மேலிருந்ததைக் கழற்றச் சொன்னேன். மகனுக்கு இதில் உடன்பாடில்லை. களவு போனால் நீங்கதான் பொறுப்பு என்கிறான். மற்ற மூன்றும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.