இரும்புக்குள் ஓடும் நிழல்

கொல்லுப்பட்டறைகள் இருட்டாக இருப்பதற்குக் காரணம் உண்டு. காய்ந்த இரும்பின் நிறத்தை வைத்துத்தான் கொல்லர் சூட்டைக் கணிக்கிறார். வெயில் அந்த நிறத்தை ஏமாற்றிவிடும். உள்ளே செம்மஞ்சளாகத் தெரிகிற துண்டு வாசலுக்கு வந்தால் மங்கிய சிவப்பாகிவிடும். பொழுதுபோக்காகக் கத்தி செய்யப் பழகுகிறவர்கள் கொல்லைப்புறத்தில் சின்ன கேஸ் உலை வைத்தாலும், மேலே ஒரு தகரத்தையோ தார்ப்பாயையோ கட்டிக்கொள்வது இதனால்தான். நான் இந்த வேலையில் மயங்கியதும் அந்த அரையிருட்டில்தான். கத்தி செய்வதில் மிக அழகான காட்சிகள் பலவும், செய்து முடித்த கத்தியில் இருப்பதில்லை. அவற்றைச் செய்கிறவர் மட்டுமே பார்க்கிறார்.

முதலில் இரும்புக்குள் ஓடும் அந்த நிழலைச் சொல்ல வேண்டும். புதிதாகப் பழகுகிறவர்கள் பெரும்பாலும் 1084 என்ற எண்ணுள்ள எஃகை எடுப்பார்கள். அதில் கார்பன் ஏறத்தாழ 0.84 சதவீதம், வேறு கலப்பு அதிகம் இல்லாததால் சொன்னபடி கேட்கும். எண்ணெயில் தோய்த்துக் கடினமாக்கும் தோய்ச்சலுக்காக இதை உலையில் காய்ச்சும்போது 727 டிகிரி செல்சியஸை ஒட்டி உள்ளே அணுக்களின் அடுக்கே மாறத் தொடங்குகிறது. மாறுவதற்கு வெப்பம் தேவை. உலை கொடுக்கிற சூட்டை எஃகு அந்த மாற்றத்துக்கே செலவழிப்பதால், மாறிக்கொண்டிருக்கும் இடம் மட்டும் சுற்றியுள்ள சிவப்பைவிடக் கறுத்துத் தெரியும். மெல்லிய வாய்ப்பக்கம் முதலில் தெளியும். நிழல் முதுகை நோக்கி ஒதுங்கும். பருத்த அடிப்பாகத்தில் கொஞ்சம் தயங்கும். பிறகு கலைந்து காணாமல் போகும். அலகு முழுதும் ஒரே நிறம்.

காந்தம் ஒட்டாமல் போகிறதா என்று தொட்டுப் பார்ப்பது பரவலான வழக்கம். சுமார் 770 டிகிரியில் இரும்பு காந்தத்தை விட்டுவிடும். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் காய்ச்சினால் போதும். இந்தச் சோதனை நல்ல துணைதான். ஆனால் காந்தம் தொட்ட இடத்தின் செய்தியை மட்டுமே சொல்லும். நிழலோ அலகு முழுதும் எந்த இடம் பழுத்தது, எந்த இடம் இன்னும் பாக்கி என்று காட்டிவிடுகிறது. அதே அலகைக் காற்றில் ஆறவிட்டால் இதன் மறுபக்கத்தையும் பார்க்கலாம். மங்கிக்கொண்டே வந்த சிவப்பு ஒரு கட்டத்தில், வெளியிலிருந்து எந்தச் சூடும் படாமலே, சற்றுத் துலங்கி எழும். வாங்கி வைத்த வெப்பத்தை எஃகு திருப்பித் தருகிறது.

சுத்தியல் வேலையிலும் இப்படி ஒரு நயம் உண்டு. வாய்ப்பக்கத்தை அடித்து மெலிதாக்கும்போது அந்தப் பக்கம் நீள்கிறது, முதுகு நீளாது. அதனால் அலகு முதுகுப் பக்கமாக வளைந்துகொண்டே போகும். பழகிய கை முதலிலேயே பட்டையை எதிர்த்திசையில், வாய்ப்பக்கமாக வளைத்து வைத்துக்கொள்ளும். அந்த நிலையில் பார்த்தால் அது கத்தியாகப் போகிறது என்று யாரும் நம்பமாட்டார்கள். அடி விழ விழ, யாரும் நிமிர்த்தாமலே, அது தானாக நேராகிறது. கடைசி அடியில் நேராக நிற்கும்படி முதல் வளைவைக் கணித்தவரின் கையை என்னால் வியக்காமல் இருக்க முடியாது.

அடித்து முடித்ததும் மூன்று முறை காய்ச்சி, மூன்று முறையும் காற்றில் ஆறவிடுவார்கள். ஒவ்வொரு முறையும் சூடு கொஞ்சம் குறைவாக. சுத்தியல் வேலையின் அதிகச் சூட்டில் பெருத்துப்போன எஃகின் மணிகள் இதில் சிறுத்து நெருங்குகின்றன. அலகைப் பார்த்து இதைத் தெரிந்துகொள்ள வழியில்லை. அதே பட்டையின் ஒரு துண்டை அதே போலக் காய்ச்சித் தோய்த்து ஒடித்துப் பார்க்க வேண்டும். கவனமில்லாமல் காய்ச்சிய துண்டின் முறிவு சீனி கொட்டியதுபோல் மினுமினுக்கும். பக்குவமாகச் செய்ததில் மினுக்கமே இராது; மங்கலான, மிக நுண்ணிய சாம்பல் நிறம். மினுக்காததுதான் உயர்ந்தது என்று கண்ணுக்குப் பழக்க வேண்டியிருக்கிறது.

தோய்ச்சல் ஓரிரு நொடிக் காரியம். எண்ணெயை ஐம்பது டிகிரியளவில் சூடாக்கி வைப்பார்கள், அப்போதுதான் இளகி அலகைச் சுற்றி வேகமாக ஓடும். எல்லோரும் பார்ப்பது அப்போது எழும் புகையையும் தீயையும்தான். எனக்குப் பிடித்தது அதற்குப் பின் வருகிற சிறு இடைவெளி. எஃகு சுமார் 200 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கும்வரை அது இன்னும் கடினமாகவில்லை. எண்ணெயிலிருந்து எடுத்த அந்தச் சில நொடிகளில், அலகு கோணியிருந்தால் தடித்த கையுறை போட்ட கையாலேயே நிமிர்த்திவிடலாம். கொஞ்சம் தாமதித்தால் அதே அலகு படக்கென்று ஒடியும். அரத்தை வைத்து இழுத்தால் பல் பிடிக்காமல் வழுக்கும்.

இந்தக் கடினத்தோடு விட்டால் தரையில் விழுந்தாலே உடைந்துவிடலாம். ஆகவே அடுப்பில் 200 டிகிரியளவில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடி ஒரு முறை. இங்கேதான் அலகின் மேல் வைக்கோல் மஞ்சள் நிறம் வருகிறது. சூடு ஏறினால் அது பழுப்பாகும், பிறகு ஊதா, 300 டிகிரியை நெருங்கும்போது நீலம். எஃகில் சாயம் எதுவும் இல்லை. மேலே படரும் ஆக்சைடு படலத்தின் கனம் கூடக் கூட ஒளி வேறு வேறாகத் திரும்புகிறது, அவ்வளவுதான். முதுகு மட்டும் வளைந்து கொடுக்கட்டும் என்று அங்கே சுடரைக் காட்டினால், நீலம் முதுகிலிருந்து இறங்கும்; அதற்கு முன்னால் ஊதா, அதற்கும் முன்னால் பழுப்பு. வாய்ப்பக்கத்தைத் தண்ணீரில் அமிழ்த்தி வைத்திருப்பதால் அது மஞ்சளோடு நிற்கும். பிறகு மணல் தாள் எல்லாவற்றையும் தேய்த்து எடுத்துவிடும். தேய்க்க மனம் வராது.

1976-இல் பில் மோரனும் சிலரும் சேர்ந்து தொடங்கிய அமெரிக்கன் பிளேட்ஸ்மித் சொசைட்டியின் தேர்வு இந்த மறைந்த வேலைக்கான தேர்வுதான். ஒரே கத்தி, தொங்கும் ஓரங்குலக் கயிற்றை ஒரே வீச்சில் அறுக்க வேண்டும். இரண்டுக்கு நாலு மரச்சட்டத்தை இரண்டு முறை வெட்டித் துண்டாக்க வேண்டும். அதன் பிறகும் கைமுடியை மழிக்க வேண்டும். கடைசியில் அதையே இடுக்கியில் மாட்டி 90 டிகிரிக்கு வளைப்பார்கள். ஒடியக் கூடாது. தேறிய கத்தி மறுபடி எதற்கும் ஆகாது. ஒரு நல்ல கத்தியை இதைவிட மரியாதையாகப் படிக்க முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

மறைந்திருப்பதைத் தேடியவர்களில் ஆல்ஃபிரட் பெண்ட்ரேயை நினைக்காமல் இருக்க முடியாது. ஃபுளோரிடாவில் குதிரைகளுக்கு லாடம் அடித்துவந்தவர். பழைய டமாஸ்கஸ் வாள்களின் நீரோட்டம் போன்ற கோடுகள் எப்படி வந்தன என்று உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனோடு ஆண்டுக்கணக்கில் உருக்கிப் பார்த்தார். அந்த வாள்களுக்கான எஃகுக் கட்டிகள் தென்னிந்தியாவிலிருந்தும் போயிருக்கின்றன. அங்கே கொடுமணலிலும் மேல்சிறுவலூரிலும் எஃகு உருக்கிய மூசைகளின் எச்சங்கள் கிடைத்திருக்கின்றன. பெண்ட்ரேயும் வெர்ஹோவனும் 1998-இல் வெளியிட்ட கட்டுரையின்படி, கோடுகளுக்குக் காரணம் மிக மிகச் சிறிய அளவே உள்ள வனேடியம் போன்ற கலப்புகள். அந்த எள்ளளவு இல்லாவிட்டால் கோடு இல்லை. இருந்தாலும், அலகை மெருகேற்றி அமிலத்தில் காட்டும்வரை கோடு தெரியாது.

பிடிக்குள் போகும் காம்பையும் சிலர் பின்னோக்கிச் சிறுகச் சிறுக மெலிதாக்கி முடிப்பார்கள். எடை குறையும், சமநிலை விரலருகே வரும். இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே ஒடுங்கிப் போகும் ஒரு கோடாக மட்டும் அது தெரியும், அதுவும் முதுகுப்பக்கமாகப் பிடித்துப் பார்த்தால்.

கடைசியில் கூர். சாணைக்கல்லில் ஒரு பக்கம் தீட்டத் தீட்ட, மறுபக்கம் பிசிறு எழும். முனைவரை இடைவிடாமல் அது விரலில் தட்டுப்பட்டால்தான் பக்கம் மாற்றலாம். தோலில் இழுத்துப் பிசிறைப் போக்கியபின் விளக்குக்கு நேரே விளிம்பை நிமிர்த்திப் பார்க்க வேண்டும். எங்காவது ஒரு புள்ளி மின்னினால் அங்கே இன்னும் மழுங்கல் இருக்கிறது, ஒளி திரும்ப இடம் இருக்கிறது என்று பொருள். முழுக் கூர் வந்த விளிம்பில் எதுவும் மின்னாது.

இப்படிச் செய்த கத்தியைச் சமையலறையில் கொடுத்தால் ஒரு வாரத்தில் வெங்காயமும் மாங்காயும் அலகில் நீலச் சாம்பல் கறைகளை ஏற்றிவிடும். கறை என்று சிலர் புளி போட்டுத் தேய்க்கிறார்கள். புளியும் அதே வேலையைத்தான் செய்யும் என்பதால் நான் தடுப்பதில்லை. துருவுக்கு எதிராக அந்தப் படலம் கொஞ்சம் காவலும்கூட. துடைத்து, உலர்த்தி, ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி வைத்தால் போதும்.