ஏன் செய்தான் என்னும் வினா

துப்பறியும் புதினம் என்றாலே முகம் சுளிக்கும் அன்பர்கள் நம்மிடையே பலர். நாமும் அவ்வாறே இருந்தோம். அமெரிக்க எழுத்தாளர் கேலப் கார் 1994-இல் வெளியிட்ட 'தி ஏலியனிஸ்ட்' நம் எண்ணத்தை ஓரளவு மாற்றிற்று.

கதை நிகழும் ஆண்டு 1896, நகரம் நியூயார்க். உடலை விற்றுப் பிழைக்கும் நிலைக்குத் தள்ளப்பட்ட சிறுவர்கள், பெரும்பாலும் பிழைப்புத் தேடிக் குடியேறியோரின் பிள்ளைகள், ஒருவர்பின் ஒருவராகக் கொல்லப்படுகின்றனர். காவல்துறையில் எவருக்கும் அக்கறையில்லை. அதன் அன்றைய தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட், பின்னாளில் குடியரசுத் தலைவரானவர், மனநோய் மருத்துவர் கிரைஸ்லரை மறைவாக நாடுகிறார். மனநோயாளர் தம் உண்மை இயல்பினின்றும் அந்நியப்பட்டவர் என்ற கருத்தால் அத்தகைய மருத்துவரை 'ஏலியனிஸ்ட்' என அழைத்த காலம் அது.

கைரேகையை அமெரிக்க நீதிமன்றங்கள் இன்னும் ஏற்கவில்லை. எனவே காயங்கள், கொலைஞன் எழுதிய கடிதம், அவன் தெரிந்துகொண்ட நாள்கள் ஆகியவற்றைக் கரும்பலகையில் வரைந்து, அவன் இளமையை ஊகிக்கின்றனர். அந்நாள்கள் கிறிஸ்தவத் திருவிழா நாள்கள் என்று புலனாகும் இடத்தில் நாம் நூலை மூடிவைத்துவிட்டுச் சற்று நடந்தோம். அவன் ஒரு போதகர் இல்லத்தில், தாயின் வெறுப்பில் வளர்ந்தவன்.

இம்முறை முழுக் கற்பனையன்று. 1888-இல் இலண்டன் மருத்துவர் தாமஸ் பாண்ட், 'ஜாக் தி ரிப்பர்' எனப்பட்டவன் அமைதியான, தீங்கற்ற தோற்றமுடையவனாக இருக்கக்கூடும் என்று அதிகாரிகளுக்கு எழுதினார். குற்ற ஆய்வு பற்றி ஆஸ்திரியாவின் ஹான்ஸ் கிராஸ் 1893-இல் எழுதிய நூலோ ஆங்கில வடிவம் பெற்று 1906-இல் அச்சேறியது நம் சென்னையில்! ஆயினும் கிரைஸ்லர் தம் காலத்தை மிஞ்சியே பேசுகிறார். அமெரிக்க மத்தியப் புலனாய்வுத் துறை 1970-களில் வளர்த்த கலையை ஆசிரியர் அவருக்குக் கடனளித்துவிட்டார். அன்றையோர் தடுமாற, நாம் விடையறிந்தவராய் அமர்ந்திருக்கும் இன்பம் இவ்வகை நூல்களின் கவர்ச்சியில் பெரும்பங்கு. அது சற்று மலிவான இன்பமே.

உயர்ந்த கவர்ச்சியும் ஒன்றுண்டு. கொடியவனையும் அரக்கனென்று ஒதுக்காமல், அவன் கதையைக் கேட்க ஒருவர் அமர்கிறார். பாவ அறிக்கை கேட்கும் பணியிலுள்ள நமக்கு இது புதிதன்று. ஆனால் அங்கே, 'நான் செய்தேன்' என்று வந்தவரே சொல்ல வேண்டும். அவருக்காகப் பிறர் காரணம் சொல்லி முடித்துவிட முடியாது. கிரைஸ்லரோ இளமைச் சூழலே மனிதனை ஆக்குகிறது என்பவர். அவருடைய பழைய ஆசிரியராகக் கதையில் வரும் வில்லியம் ஜேம்ஸ் மனிதனின் விருப்புரிமையை விட்டுக்கொடாதவர். இவ்வழக்கை ஆசிரியர் தீர்க்கவில்லை. இறந்த கொலைஞனின் மூளையை அறுத்துப் பார்த்தும் கோளாறு ஏதும் அகப்படவில்லை. நூலின் மிக நேர்மையான பக்கங்கள் இவையே.

நம் மனக்குறை வேறு. கொலைஞனின் பிள்ளைப்பருவம் முழுவதும் நமக்குத் தெரிந்துவிடுகிறது. மடிந்த சிறுவர்களின் பிள்ளைப்பருவம் தெரிவதில்லை. கதைசொல்லி மூர் அன்பு காட்டிய ஜோசப் ஒருவனே உயிருள்ளவனாய் நெஞ்சில் நிற்கிறான்; அவனும் கொல்லப்படுகிறான். படித்து முடித்த இரவில் மற்றவர்களின் பெயர்களை நினைவுகூர முயன்றோம். ஜார்ஜியோ என்ற ஒரு பெயருக்குமேல் வரவில்லை. மீண்டும் முதற்பக்கத்தைப் புரட்டினோம்.