நாமா, நாங்களா?

தமிழ் இலக்கணத்தில் தன்மைப் பன்மை இருவகைப்படும். கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது 'நாம்'. கேட்பவரை விலக்கி நிற்பது 'நாங்கள்'. முன்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர். ஆங்கிலத்தில் இவ்விரண்டிற்கும் சொல் ஒன்றே. நான்காம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நாம் கற்பிக்கும் இச்சிறு வேறுபாடு, உலகப் புகழ்பெற்ற ஒரு மடலை எடைபோடவும் உதவுமென்பது என் கருத்து.

மறைந்த போப்பாண்டவர் பிரான்சிஸ் 2018 ஆகஸ்ட் 20-ஆம் நாள் 'இறைமக்களுக்கு' எழுதிய மடலே அது. அதற்கு ஆறு நாட்களுக்கு முன் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பெருநடுவர் குழுவின் அறிக்கை வெளியாகியிருந்தது. ஆறு மறைமாவட்டங்களில் ஏறத்தாழ 70 ஆண்டுக் காலத்தில் 300-க்கு மேற்பட்ட குருமார் ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறார்க்கு இழைத்த பாலியல் கொடுமைகளையும், மேலிடத்தார் அவற்றை மறைத்த வகையையும் அது விரித்துரைத்தது.

நான் கத்தோலிக்கன் அல்லன். தெலுக் இந்தானில் புனித அந்தோணியார் கோவிலுக்குச் செல்லும் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாடஞ் சொன்னவன் என்ற அளவில்தான் எனக்கு அச்சமயத்தோடு உறவு. ஈண்டுக் கூறுவன எவையும் இவ்வூர்க் கோவிலைக் குறித்தன அல்ல. மேலும், தமிழாசிரியர் எவரும் அங்கியணிந்த குருவை இகழ்ந்து பேசத் துணியார். வீரமாமுனிவரை நாம் அறிவோம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி, 1966-இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டைக் கூட்டுவித்த தனிநாயகம் அடிகளும் கத்தோலிக்கக் குருவே. இம்மதிப்பு நியாயமானது. ஆனால் மதிப்பு மிகுந்த இடத்தில் பிள்ளையின் சொல் எடுபடாது என்பதும் மெய்.

மடலின் சிறப்பை முதலிற் கூறுவோம். அது சுற்றி வளைக்கவில்லை. சிறியோரைக் கைவிட்டோம் என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறது. குருமார் தம்மை மக்களுக்கு மேலானவராகக் கருதும் மனப்பான்மையே நோயின் வேர் என்கிறது. திருச்சபையின் தலைவர் ஒருவர் இவ்வாறு எழுதியது பெரிதே.

குறை எங்கே என்றால், 'கைவிட்டோம்' என்னும் வினைக்கு எழுவாய் யார் என்பதில் இருக்கிறது. ஆங்கில வடிவத்தைப் படித்தபோது அவ்வாக்கியத்தை மனத்துள் தமிழாக்கிப் பார்த்தேன். நாமா, நாங்களா? 'நாங்கள்' என்றால் பொறுப்பு ஆயர்களோடு நிற்கும். 'நாம்' என்றால், பாதிக்கப்பட்ட பிள்ளையின் தாயும் அக்குற்றத்திற் பங்காளி ஆவாள். மடல் எல்லா மக்களையும் விளித்து, எல்லாரையும் செபத்துக்கும் நோன்புக்கும் அழைப்பதால் 'நாம்' என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. குற்றத்தில் 'நாம்'! இருக்கட்டும், விசாரணையிலும் முடிவெடுப்பதிலும் யார்? அங்கே பழையபடி 'நாங்கள்'தான்.

தமிழ்க் கத்தோலிக்கர் தம் ஊர்ச்சபையைப் 'பங்கு' என்பர். அழகிய சொல். ஆயினும், திருச்சபைச் சட்டப்படி பங்குப்பேரவை ஆலோசனை கூறலாமேயன்றி முடிவெடுக்க இயலாது. புதிதாக வரும் குரு முன்பிருந்த இடத்தை விட்டு ஏன் வந்தார் என்று கேட்கப் பங்குமக்களுக்கு உரிமையில்லை. திருவிழா வரியில் பங்குண்டு, கேள்வியில் பங்கில்லை.

இதன் விளைவை நீலகிரியிலேயே காணலாம். உதகை மறைமாவட்டக் குரு ஜோசப் பழனிவேல் ஜெயபால், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பணியாற்றியபின் 2005-இல் தாயகம் திரும்பினார். அங்கே இளம்பெண்கள் அவர்மீது பாலியல் குற்றஞ்சாட்டினர். 2010-இல் இச்செய்தி உலகெங்கும் பரவியபோது அவர் ஆயரகத்தில், பள்ளிகளின் ஆசிரியர் நியமனக் காகிதங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார்! பின் கைதாகி, அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 2015-இல் ஒரு வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். 2016-இல், வத்திக்கானைக் கலந்துகொண்டு, ஆயர் அவருடைய பணித்தடையை நீக்கினார். பிள்ளைகளைக் கோவிலுக்கும் பள்ளிக்கும் அனுப்பும் பெற்றோர்க்கு அம்முடிவில் என்ன இடம் இருந்தது?

பங்குமக்கள் தாமே 'நாம்' என்று எழுந்த இடங்களும் உண்டு. 2002-இல் போஸ்டன் நகரத்துக் கொடுமைகள் செய்தித்தாளில் வெளியானபோது, அருகிலுள்ள வெல்லெஸ்லி ஊரின் கோவில் நிலவறையில் மக்கள் சிலர் கூடிப் பேசத் தொடங்கினர். அது 'விசுவாசிகளின் குரல்' என்னும் பொருள்படும் பெயருடன் பெரிய இயக்கமாயிற்று. கோவில் வளாகங்களில் புதிய கிளைகள் கூடலாகாதெனத் தடை வந்தது. அவர்கள் மதத்தை விடவுமில்லை, கேள்வியை விடவுமில்லை. அவ்வாண்டு டிசம்பரில் கர்தினால் லா பதவி விலகினார்.

சிலி நாட்டு ஓசோர்னோ மக்களின் செயல் இன்னும் வியப்புக்குரியது. ஒரு குருவின் கொடுமைகளை அறிந்தும் மறைத்தார் என்ற குற்றச்சாட்டுக்கு ஆளான ஹுவான் பாரோஸ், 2015-இல் அங்கே ஆயராக அமர்த்தப்பட்டார். அவர் குற்றச்சாட்டை மறுத்தார். மக்களிற் பலர் கறுப்புடை அணிந்து பதவியேற்பு விழாவிலேயே எதிர்த்தனர், மூன்றாண்டுகள் ஓயவில்லை. 2018 ஜனவரியில் அக்குற்றச்சாட்டை அவதூறு என்று ஒதுக்கியவர் இதே போப்பாண்டவர் பிரான்சிஸ். பின் ஆள் அனுப்பி விசாரித்து, ஏப்ரலில் தாம் பெரிதும் தவறியதாக எழுதினார். ஜூனில் பாரோஸின் விலகலை ஏற்றார். மேலே கண்ட மடலுக்கு இரண்டு மாதம் முன் நடந்தது இது. அம்மடலின் பணிவு ஓசோர்னோ மக்கள் கற்பித்த பாடம் எனலாம்.

பின்னர் வந்த விதிகள் ஓரளவு வழி திறந்தன. 2019-இல் வெளியான ஆணை, இத்தகைய கொடுமையை அறியும் குருமாரும் துறவியரும் மேலிடத்துக்கு அறிவித்தே தீரவேண்டும் என்றது. புகார் கூறுவோர் வாயை அடைத்தலாகாது என்றது. நம் நாட்டில் 2017-இன் சிறார் பாலியல் குற்றச் சட்டம் இன்னும் தெளிவானது. பிள்ளையைத் தம் பொறுப்பிலும் மேற்பார்வையிலும் வைத்திருப்பவர் குற்றம் செய்தால் கூடுதல் தண்டனை உண்டு. அறிந்தும் தகவல் கொடுக்காதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம். அச்சட்டத்தின் முன் பாதிரியாரும் பூசாரியும் தலைமையாசிரியரும் ஒருவரே.

தலைமையாசிரியர் என்றதால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி முடித்து வந்த புதிதில், நான் பணியாற்றிய ஒரு தோட்டப் பள்ளியில், பால்மரம் வெட்டும் தாய் ஒருத்தி வேலை உடையோடு அலுவலக வாசலில் வந்து நின்றாள். ஐந்தாம் ஆண்டில் படித்த தன் மகளைப் பற்றி அவள் தாழ்ந்த குரலிற் சொன்னதை நானும் கேட்டேன். "வெளியே தெரிந்தால் பிள்ளைக்குத்தான் கேடு" என்று சொல்லி அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் அந்த ஆசிரியருக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றல். பிரிவுபசார விருந்து வைத்தோம். தமிழ் நன்றாக எழுதுவான் என்று வாழ்த்துமடலை என்னிடம் ஒப்படைத்தார்கள். ஆசிரியரும் மாணவரும் ஆகிய நாங்கள் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று எழுதினேன். சந்திப்பிழை ஒன்றும் இல்லை. அந்த 'நாங்கள்' என்னும் சொல்லுக்குள் அச்சிறுமியையும் சேர்த்து எழுதியிருக்கிறேன் என்பது, அவள் மறுவருடம் பள்ளிக்கு வராதபோதுதான் எனக்கு உறைத்தது. மாற்றலாகிச் சென்ற பள்ளியிலும் பெண்பிள்ளைகள் இருந்தார்கள். அவர்கள் பெற்றோருக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆதலின் பிறர் மடலைக் குறைகூறும் தகுதி எனக்குக் குறைவே. ஆயினும் இலக்கணம் தெரிந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். தவறு செய்தவரும் மறைத்தவரும் 'நாங்கள்' என்று தனியே நின்று ஒப்புக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்கவும் காவல் நிலையம் செல்லவும் 'நாம்' வேண்டும். பொய்ப்புகாரும் வரலாமே என்பர், வரலாம். மெய்பொய் காண்பது விசாரணையின் வேலை. வாசலில் நிற்கும் தாயைத் திருப்பியனுப்புவோர்க்கு அவ்வேலையைச் செய்யும் அதிகாரம் இல்லை.