ஜனவரிக் கணக்கும் ஊர்க்குளமும்

தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பு 2011-இல் தொடங்கியது. மணிமுத்தாறு அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் உள்ளூர் அமைப்புகளுடன் சேர்ந்து ஆண்டுதோறும் ஜனவரியில் இதை நடத்துகிறது. மாணவர்களும் ஆர்வலர்களும் குழுக்களாகக் குளங்களுக்குப் போய் எண்ணுகிறார்கள்.

அதே குளங்களை அதே பருவத்தில் திரும்பத் திரும்ப எண்ணுவதுதான் இதன் பலம். விருப்பப்பட்டவர் விருப்பப்பட்ட இடத்தில் பதிவு செய்தால், எல்லோரும் பேர்போன பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்துக்கே போவார்கள். ‘இந்தியப் பறவைகளின் நிலை 2023’ அறிக்கை ஏறத்தாழ 30,000 பேர் தந்த 3 கோடிப் பதிவுகளை வைத்து 942 இனங்களை ஆராய்ந்தது. நீண்டகாலப் போக்கைச் சொல்ல முடிந்ததோ 338 இனங்களுக்குத்தான். பதிவு மலைபோல் குவிந்தாலும், பழைய கணக்கு இல்லாவிட்டால் ஒப்பிட வழியில்லை. எனவே பறவையே இல்லாத வறண்ட குளத்துக்கும் போய்ப் பூஜ்யம் என்று எழுதிவருபவர்தான் என் பார்வையில் நல்ல தொண்டர்.

ஆனால் ஜனவரி ஏமாற்றும். வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் தண்ணீர் கிடக்கும் சில குளங்களில் பறவைகள் நெருக்கியடித்துச் சேரும். நன்றாகப் பெய்தால் எங்கும் சிதறிவிடும். 2023 டிசம்பர் பெருவெள்ளம் போன்ற ஆண்டில் ஒரு குளத்தில் எண்ணிக்கை சரிந்தால், அது பறவை குறைந்ததற்குச் சான்றாகாது. நீர்மட்டத்தைக் குறிக்காத எண் பாதி எண்தான். உண்ணிக்கொக்கையும் சின்ன வெள்ளைக்கொக்கையும் பிரித்தறியாத புதியவரின் பிழையைவிட இது பெரிய குறை. அந்தப் பிழையை உடன்வரும் அனுபவசாலி திருத்திவிடலாம்.

ராயகிரி போன்ற மலையடிவார ஊரில் இதே முறையை அமைப்பதென்றால், ஜனவரியோடு கோடையிலும் ஒருமுறை எண்ண வேண்டும். நீர்ப்பாய்ச்சியையும் மீன்பாசிக் குத்தகைதாரரையும் குழுவில் சேர்க்க வேண்டும். மடை எப்போது திறந்தது, நாரை எந்தக் கருவேலில் அடைந்தது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பெரும்பாலான திட்டங்களில் மாணவர் கற்கிறார், ஊர்க்காரர் வழிகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். இத்தகைய கணக்கெடுப்பு பொதுமக்களுக்கான கல்வி என்ற பேச்சு அங்கேயே பாதி பொய்யாகிறது.

கணக்கு யாரிடம் திரும்புகிறது என்பது இன்னொரு சிக்கல். ராயகிரி பேரூராட்சி என்பதால் கிராம சபையில் வாசிக்க வழியில்லை. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் வைக்கலாம். அதுவும் மீன்பாசி ஏலத்துக்கும் குளத்துக்குள் நிற்கும் கருவேல மரங்களின் ஏலத்துக்கும் முன்னால் வைக்க வேண்டும். வெட்டி முடித்த பிறகு வரும் அறிக்கையில் கூடுகளின் எண்ணிக்கை எவ்வளவு துல்லியமாக இருந்தால் என்ன?