உள்வாசல் காவல்

மனந்திரும்புதல் என்றதும் கன்வென்ஷன் பந்தலில் சிந்தும் கண்ணீர்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருகிறது. பழைய ஆசான்கள் கண்ணீரைக் குறைவாக மதித்தவர்கள் அல்லர். ஆனால் அதற்கு முன்னும் பின்னும் நடப்பதைத்தான் கூர்ந்து பார்த்தார்கள். பாவம் வெறும் எண்ணமாக எட்டிப் பார்க்கும்போதே ஒருவன் அதைக் கண்டுகொள்கிறானா? அறிக்கையிட்டு எழுந்தபின் அடுத்தவனை எப்படி நடத்துகிறான்? அவர்கள் வைத்த அளவுகோல் இதுதான்.

இந்தக் கல்விக்கு முதல் பள்ளிக்கூடம் எகிப்தின் பாலைவனம். நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே வாழ்ந்த எவாகிரியுஸ், துறவியை அலைக்கழிக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார். பெருந்தீனி, கோபம், பெருமை எல்லாம் எதிர்பார்த்தவைதாம். சோர்வைப் பற்றி அவர் எழுதியதுதான் அபாரம். நடுப்பகலில் சூரியன் நகராமல் நிற்பதுபோல் தோன்றும். கண் ஜன்னல் பக்கமே போகும். யாராவது சகோதரர் வரமாட்டாரா என்றிருக்கும். கொஞ்ச நேரத்தில் இந்த இடமே சரியில்லை, இங்கே யாருக்கும் அன்பில்லை என்று மனசு சொல்லும். பாவம் என்று பெயர்சொல்ல இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. காவல் அங்கேயே தொடங்கிவிட வேண்டும்.

அதே பாலைவனத்தில், ஸ்கேத்தே என்னும் இடத்தில், தவறிய சகோதரர் ஒருவரை விசாரிக்கக் கூட்டம் கூடியது. முன்பு கொள்ளைக்காரராயிருந்த மோசே அப்பா வர மறுத்தார். மறுபடி ஆள் அனுப்பியதும் ஓட்டைக் கூடையில் மணலை நிரப்பி முதுகில் சுமந்துகொண்டு வந்தார். என் பாவங்கள் பின்னால் கொட்டிக்கொண்டே வருகின்றன, நான் பார்ப்பதில்லை, இன்னொருவனுக்குத் தீர்ப்புச் சொல்ல வந்துவிட்டேன் என்றார். அதற்குமேல் விசாரணை நடக்கவில்லை.

சீனாய் மலையின் யோவான் ஏழாம் நூற்றாண்டில் எழுதிய ‘ஏணி’ நூலில் 30 படிகள். மனந்திரும்புதல் ஐந்தாவது படி. கீழைத் திருச்சபையின் இந்த மரபு நூல்கள் பல 1782-இல் வெனிஸில் ‘பிலோகாலியா’ என்ற தொகுப்பாக அச்சேறின. மேற்கே 1215-ஆம் ஆண்டு லாத்தரன் சங்கம், வருடத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று விதித்தது. விதி வந்தது, விழிப்பும் கூடவே வந்ததா என்பது வேறு கேள்வி.

விழிப்பு முற்றி நோயாவதும் உண்டு. இஞ்ஞாசியார் 1522-இல் மன்ரேசாவில், சொன்ன பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வரைக்கும் போனார். எர்ஃபுர்ட் மடத்தில் இளம் லூத்தரும் மணிக்கணக்கில் அறிக்கையிட்டு குருவைக் களைக்கவைத்தவர். எதிரெதிர் முகாம்களின் தலைவர்களுக்கு ஒரே வியாதி! கிருபையை நம்பி லூத்தர் வெளியே வந்தார். விசுவாசியின் வாழ்நாள் முழுவதுமே மனந்திரும்புதல் என்பதுதான் 1517-இல் அவர் வைத்த முதல் வாதம். இஞ்ஞாசியார் பழைய பாவங்களை இனிக் கிளறுவதில்லை என்று தீர்மானித்தார். பிறகு ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் அவர் வகுத்த தன்னாய்வு அடக்கமானது: ஒரு சமயத்தில் ஒரே குறை, நாளுக்கு இரண்டு கோடுகள், தவறும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு புள்ளி. தவறிய கணமே நெஞ்சில் கைவைக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவர் அறியாதபடி. அவர் நிறுவிய இயேசு சபையைச் சேர்ந்த அன்றீக்கே பாதிரியார் தயாரித்த பாவசங்கீர்த்தனக் கையேடு 1580-இல் கொச்சியில் தமிழிலேயே அச்சானது.

ஜான் வெஸ்லி இந்தக் காவலைத் தனி ஆளிடம் விடவில்லை. 1738-இல் அவர் எழுதிய விதிகளின்படி, சிறு குழுவில் சேர வருபவரிடம் உங்கள் குறைகளை முகத்துக்கு நேரே சொல்லலாமா என்று முதலிலேயே கேட்டுவிடுவார்கள். பிறகு வாராவாரம் கேள்விகள்: தெரிந்து செய்த பாவம் என்ன, வந்த சோதனை என்ன, பாவமா இல்லையா என்று சந்தேகப்படும் எண்ணம் ஏதும் உண்டா? கடைசிக் கேள்வி எவாகிரியுஸுக்குப் பிடித்திருக்கும். நம் கூட்டங்களில் சாட்சி சொல்ல மைக் கிடைக்கிறது, இப்படிக் கேட்கத்தான் ஆளில்லை. வெஸ்லியின் நாளிலேயே பலர் பொதுவான வகுப்புக் கூட்டத்தோடு நின்றுகொண்டார்கள். இந்தச் சிறு குழுக்களுக்கு வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.