பாவ மன்னிப்பும் புத்திர சுவிகாரமும்

கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் அருகருகே நிற்கும் இராமேசுவரம், பாம்பன் கரையில் ஊழியஞ்செய்வோர், பீம்சிங் இயக்கி 1961இல் வெளிவந்த 'பாவ மன்னிப்பு' திரைப்படத்தை மீண்டும் ஒருமுறை காண்பது நலம். இந்துவான ஆளவந்தாரின் மகன் இஸ்மாயில் என்னும் இஸ்லாமியரிடம் ரஹீமாக வளர்கிறான். மேரியைக் கிறிஸ்தவரான ஜேம்ஸ் வளர்க்கிறார். வளர்த்தவரின் அன்பைப் படம் மனதார உயர்த்துகிறது. இதை நாம் மறுக்கவில்லை.

ஆயினும் ஆளவந்தாரின் மனம் உடைவது, தான் கொடுமை செய்த ரஹீம் தன் சொந்த மகனே என்றறிந்த பின்னரே. அயலான் மகனாயிருந்திருப்பின்? முடிவில் இரத்தமே வெல்கிறது.

அன்றைய சட்டமும் அவ்வாறே நின்றது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் தத்தெடுக்கும் உரிமையை இந்துக்களுக்கே அளித்தது. இஸ்மாயிலும் ஜேம்ஸும் 1890ஆம் ஆண்டுச் சட்டப்படி காப்பாளராக மட்டுமே இருந்திருக்கக்கூடும். சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் எம்மதத்தவரும் தத்தெடுக்கலாம் என உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது 2014இல்தான்.

ரோமர் எட்டாம் அதிகாரத்தில் பவுல் காட்டும் புத்திர சுவிகாரமோ இரத்தத்தை நோக்குவதன்று, அயலானைச் சுதந்தரவாளியாக்குவது. நம் சபைகளும் விடுதிகளும் ஆதரிக்கும் பிள்ளைகளுக்கு நாம் பெற்றோரா, வெறும் காப்பாளரா? படம் கேட்காமல் விட்ட இக்கேள்வி நம்முடையது.