வெள்ளீயத்தில் வார்த்த தாயத்து

அச்சு என்றவுடன் 15ஆம் நூற்றாண்டு ஜெர்மனியின் கூட்டன்பர்கைச் சொல்வோம். சற்று விவரம் தெரிந்தவர்கள் 868இல் சீனாவில் அச்சான வைர சூத்திரத்தையும் சொல்வார்கள். இரண்டுக்கும் நடுவே, ஏறத்தாழ 10ஆம் நூற்றாண்டு முதல் அரபு நாட்டாரும் தாயத்துகளை அச்சடித்திருக்கிறார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

ஒடுக்கமான நீளக் காகிதம். மேலே பெரிய அலங்கார எழுத்து. கீழே பொடி எழுத்தில் குர்ஆன் வசனங்கள், இறைவன் திருநாமங்கள். சுருட்டிக் கூட்டில் அடைத்து உடம்பில் கட்டிக்கொள்வார்கள். பழைய கெய்ரோவாகிய ஃபுஸ்தாத்தின் மண்ணில் இப்படிப்பட்டவை கிடைத்திருக்கின்றன.

எப்படிச் செய்தார்கள்? 1987இல் ரிச்சர்ட் புல்லியட் எழுதிய கட்டுரை, 10ஆம் நூற்றாண்டுக் கவிஞர் அபூ துலஃபைச் சாட்சிக்கு அழைக்கிறது. பிச்சைக்காரர், எத்தர் கூட்டத்தைப் பற்றிய அவருடைய பாட்டில் தாயத்து அச்சுக்கு 'தர்ஷ்' என்ற குழூஉச்சொல் வருகிறது. அது வெள்ளீய அச்சு என்பது புல்லியட்டின் முடிவு. தொழில்முறையில் இது பொருந்துகிறது. மரக்கட்டையில் எழுத்தைத் தலைகீழாகச் செதுக்க வேண்டும். களிமண்ணில் நேராகவே கீறி ஈயத்தை ஊற்றினால், வார்ப்பு தானே தலைகீழாக வந்துவிடும். வெள்ளீயம் 232 பாகையிலேயே உருகும். சின்ன அடுப்பு போதும்.

ஆனால் இதை வைத்து, அச்சடித்தவர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்று முடிவு கட்டுவது எனக்கு ஒப்பவில்லை. எத்தரைப் பாடும் பாட்டில் எத்தர்தானே வருவார்! கார்ல் ஷேஃபர் 2006இல் வெளியிட்ட நூல், ஐரோப்பிய, அமெரிக்க நூலகங்களிலும் அருங்காட்சியகங்களிலும் உள்ள தாயத்துகளை ஒவ்வொன்றாக விவரிக்கிறது. பாட்டை விட்டுப் பண்டத்தையே பார்த்தது அதன் பெருமை. சிலவற்றில் எழுத்துப் பிழை உண்டு, வாஸ்தவம்தான். வேறு சிலவற்றிலோ கறுப்புப் பரப்பில் வெள்ளை எழுத்தாகத் தலைப்பு, நுணுக்கமான கட்டங்கள்! கூட்டுக்குள் போய் யார் கண்ணிலும் படாத சரக்குக்கு ஏமாற்றுக்காரன் இத்தனை பாடுபடுவானா? எந்தக் கடைத்தெருவிலும் நல்ல சரக்கும் உண்டு, மட்டச் சரக்கும் உண்டு. அங்கேயும் அப்படித்தான் இருந்திருக்கும்.

இந்தத் தொழில் 15ஆம் நூற்றாண்டுவாக்கில் மறைந்தது. இஸ்தான்புல்லில் இப்ராஹிம் முதஃபெரிகாவின் அச்சகம் முதல் நூலை வெளியிட்டது 1729இல்தான். கையெழுத்துக்கே மதிப்பிருந்த சமூகத்தில், 'இது அச்சு' என்று வெளியே சொல்ல யாருக்கும் ஆதாயமில்லை என்றே எண்ணுகிறேன். பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாத தொழில் சீடனைத் தேடாது. வரலாற்றிலும் இடம் பிடிக்காது. அந்தப் பெயர் தெரியாத கைவினைஞர்களை எத்தர் பட்டியலிலிருந்து எடுத்து, அச்சுக்கலை முன்னோடிகளின் வரிசையில் வைப்பதே நியாயம்.